நாளைக்கு ஸ்கூல் இருக்கா? ஆரம்பப் பிரிவுத் தகவல்கள் வீட்டுக்கு வரும் வழி

கொழும்பில் ஒரு மழை இரவு, மணி பத்தை நெருங்குகிறது. தரம் 2 வட்ஸ்அப் குரூப்பில் அரச இலச்சினை போட்ட ஒரு கடிதத்தின் படம் வந்து விழுகிறது, சிங்களத்தில், கீழ்ப்பாதி வெட்டுப்பட்டு. "இது எங்கட ஸ்கூலுக்குமா?" என்று ஒருவர் கேட்கிறார். ஓம் என்கிறார் ஒருவர், அது கம்பஹாவுக்கு என்கிறார் இன்னொருவர், ஒரு ஸ்டிக்கர், இரண்டு கைகூப்பல், நடுவில் "களிமண் கொண்டுவரச் சொன்னது நாளைக்கா, வெள்ளிக்கிழமையா?" பதினொரு மணிக்குள் நாற்பது மெசேஜ் சேர்ந்துவிடும். காலையில் சீருடையை அயன் பண்ணுவதா வேண்டாமா என்பது மட்டும் தெரியாது.

டீச்சர் ஒழுங்காகச் சொல்வதில்லை என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் இங்கே மூன்று சிக்கல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன: அறிவித்தலை யார் விட்டது என்பது ஒன்று, அது எந்த வழியாக வருகிறது என்பது இன்னொன்று, எது வருவதே இல்லை என்பது மூன்றாவது. மூன்றாவதைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்வதில்லை, எனக்கென்னவோ அதுதான் பெரியது.

## முதலில், அறிவித்தல் எங்கிருந்து புறப்படுகிறது

இலங்கையில் பத்தாயிரத்தைச் சுற்றி அரச பாடசாலைகள் உண்டு. அதில் நானூறு அளவுதான் தேசிய பாடசாலைகள், அவை நேரே கல்வி அமைச்சின் கீழ், அதாவது பத்தரமுல்லை இசுறுபாயவின் கீழ் வருபவை. மற்றதெல்லாம் மாகாணப் பாடசாலைகள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு இவை மாகாண சபையின் பொறுப்பு. அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு பாடசாலைகளில் ஒன்று தேசிய பாடசாலையாகவும் மற்றது மாகாணப் பாடசாலையாகவும் இருக்கலாம், கொழும்பில் இது சாதாரணம்.

ஒரு சுற்றறிக்கை அமைச்சில் பிறந்தால், மாகாணப் பாடசாலையில் அது மாகாணக் கல்வித் திணைக்களம், வலயக் கல்வி அலுவலகம், அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியர் என்று படிப்படியாக இறங்கித்தான் பெற்றோருக்கு வரும். இறங்குகிற ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நேரம் போகும், சில படிகளில் மொழியும் மாறும். அதே கடிதத்தை யாராவது படம் பிடித்து அனுப்பினால் அது இத்தனை படியையும் தாண்டிக் குதித்து ஒரே நிமிடத்தில் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் பெற்றோருக்குத் தெரிந்த விடயம் டீச்சருக்குத் தெரியாமல் இருக்கிறது. அவர் மறைக்கவில்லை, அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

விடுமுறைச் செய்தி என்று ஒன்று வந்தால் பார்க்க வேண்டியவை:

1. எந்தக் "கொழும்பு"? மாநகர எல்லை ஒன்று, கொழும்புக் கல்வி வலயம் ஒன்று, கொழும்பு மாவட்டம் ஒன்று. மாவட்டத்துக்குள் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என்று நான்கு வலயங்கள் இருக்கின்றன. 2022 யூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளை மூடியபோது நகரப் பாடசாலைக்கு ஒரு விதி, கிராமத்துக்கு இன்னொரு விதி என்று வந்தது. அப்போது "கொழும்பு" என்ற ஒரு சொல்லை ஆளுக்கொரு விதமாகத்தான் எல்லோரும் வாசித்தோம்.

2. எந்த நாட்காட்டி? சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு தவணை அட்டவணை, முஸ்லிம் பாடசாலைகளுக்கு இன்னொன்று. நோன்பு மாதத்தை ஒட்டி முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை மாறும். ஒரே வீட்டில் மூத்தவர் ஒரு பாடசாலையிலும் இளையவர் மற்றதிலும் படித்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், மற்றவர்களுக்கு அது பொய்ச் செய்தி போலவே தோன்றும்.

3. பாடசாலையா, கட்டடமா? தேர்தல் வந்தால் வகுப்பறை வாக்களிப்பு நிலையமாகிறது. பொதுப் பரீட்சை வந்தால் பரீட்சை நிலையம், அது முடிந்ததும் சில இடங்களில் விடைத்தாள் திருத்தும் நிலையம். இந்த மூடல் அந்தக் கட்டடத்துக்கு மட்டும், பக்கத்துப் பாடசாலைக்கு இல்லை. இதை அதிபரைத் தவிர வேறு யாரும் சரியாகச் சொல்ல முடியாது.

4. யாருடைய பாடசாலை? சர்வதேச பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனியாகப் பதிவானவை. அரச பாடசாலைக்கு வந்த விடுமுறை அவற்றைத் தானாகக் கட்டாது.

5. திகதி. போன வருடக் கடிதம் இந்த வருடமும் சுற்றும். இலச்சினையைப் பார்ப்பவர்கள் திகதியைப் பார்ப்பதில்லை.

கல்விச் சீர்திருத்தச் செய்திகளிலும் இதே கதைதான். 2026இல் தரம் 1க்கும் தரம் 6க்கும் புதிய பாடத்திட்டம் வருவதாக இருந்தது. தரம் 6 மட்டும் 2027க்குத் தள்ளிப்போனது. "சீர்திருத்தம் ஒத்திவைப்பு" என்ற தலைப்பை மட்டும் பார்த்த ஒரு தரம் 1 அம்மா, தன் பிள்ளைக்குப் பழைய புத்தகம்தான் என்று நினைத்தால் அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

## மொழி என்ற படி

சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், அரச நிறுவனம் தமிழருக்குத் தமிழில் அறிவிக்க வேண்டும் என்பதற்கு அரசியலமைப்பே இடம் தருகிறது. நடைமுறையில் அவசர அறிவித்தல் முதலில் சிங்களத்தில் வந்து, தமிழ் பிறகு வரும். இடைப்பட்ட நேரத்தில் மொழிபெயர்ப்பது யார்? குரூப்பில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த யாரோ ஒரு அப்பா. பெரும்பாலும் நன்றாகவே செய்வார். ஆனால் "வலயம்" என்பதை "மாவட்டம்" என்று அவர் எழுதிவிட்டால் போதும், இருபது வீடுகளில் காலை குழம்பிவிடும்.

கொழும்புக்கே உரிய இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளை தமிழ் மொழிமூலம் படிக்கும், அம்மாவோ அப்பாவோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படித்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தடுமாறுவார். இவர்களுக்கு நீளமான தமிழ் நோட்டீஸை விட அரை நிமிட வொய்ஸ் மெசேஜ் ஆயிரம் மடங்கு உதவும். இதைப் பெற்றோர் வாய்திறந்து கேட்கமாட்டார்கள், வெட்கம். டீச்சர்தான் ஊகிக்க வேண்டும்.

## ஒரே குரூப்பில் ஐந்து விதமான செய்தி

வட்ஸ்அப்பில் பிழையில்லை, அதற்குள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவதுதான் பிழை. ஒரு வகுப்புக் குரூப்பில் ஒரு கிழமைக்கு வருவதைப் பிரித்துப் பாருங்கள்:

1. அவசரம். இன்று நேரத்தோடு விடுகிறோம், வெள்ளம், வான் வராது.
2. திகதி உள்ளவை. விளையாட்டுப் போட்டி, வாணி விழா, ஒளி விழா, பெற்றோர் கூட்டம், தவணை முடிவு.
3. காசும் கையொப்பமும். கட்டணம், சுற்றுலா அனுமதி, சுகாதாரப் படிவம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10இல் நடக்கும், ஆகவே ஆரம்பப் பிரிவில் இரண்டு தடவை அதற்கான படிவம் வீட்டுக்கு வரும். பிள்ளையின் பழைய நோய், தடுப்பூசி விபரம் கேட்பதால் பிறந்ததிலிருந்து இருக்கும் சுகாதாரக் கொப்பியைத் தேட வேண்டிவரும். முதல் நாள் இரவு சொன்னால் அது அகப்படாது.
4. ஒரு பிள்ளையைப் பற்றியவை. காய்ச்சல், சண்டை, எழுத்து தெரியவில்லை, தலையில் பேன்.
5. வகுப்பின் அன்றாடம். இன்று என்ன செய்தோம், அடுத்த கிழமை என்ன.

முதலாவது பத்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது மூன்று கிழமைக்கு முன் தெரிய வேண்டும். மூன்றாவதுக்குக் கடதாசி வேண்டும். நான்காவது இன்னொரு பெற்றோரின் கண்ணில் படவே கூடாது. ஐந்தாவதுக்கு அவசரமே இல்லை, கிழமைக்கொரு தடவை போதும். இத்தனை வித்தியாசமான தேவைகளை ஒரே இடத்தில் போட்டால் அவசரம் ஸ்டிக்கருக்குக் கீழே புதைந்துபோகும், "உங்க மகன் இண்டைக்கும் ஹோம்வேர்க் செய்யல்ல" என்ற வரி நாற்பது வீட்டுக்கும் போகும். அப்படியொரு வரி போய்விட்டால் அந்த அம்மா அதற்குப் பிறகு குரூப்பைத் திறக்கவே மாட்டார், அடுத்த அவசரச் செய்தியையும் தவறவிடுவார்.

தொழில்நுட்பத்தில் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். குரூப் அமைப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்ற ஒரு வசதி இருக்கிறது, பாதிச் சத்தம் அதோடு நின்றுவிடும். ஆனால் கேள்வி கேட்க இடமில்லாமல் போவதால் பெற்றோர் தங்களுக்குள் ஒரு இரண்டாவது குரூப் தொடங்குவார்கள், வதந்தி அங்கே குடிபோகும். புரோட்காஸ்ட் பட்டியல் இன்னொரு வழி: ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், மற்றவரின் இலக்கம் யாருக்கும் தெரியாது. ஆனால் 256 பேர்தான் எல்லை, அனுப்புபவரின் இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். டீச்சர் அனுப்பியிருப்பார், அம்மாவுக்கு வந்திருக்காது, இருவரும் உண்மையே சொல்வார்கள். "எனக்கு வரல்ல" என்ற சண்டைகளில் ஒரு பங்கு இந்தச் சின்னக் காரணத்தால் வருவது.

## போன் யாருடைய கையில்?

குரூப்பில் நாற்பது இலக்கம் இருந்தால் நாற்பது வீட்டுக்குத் தகவல் போனது என்று கணக்கு வைப்பது பெரிய பிழை. கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குரூப்பில் இருப்பது அப்பாவின் இலக்கம், அவர் புறக்கோட்டையில் கடையில் நிற்கிறார், இரவு ஒன்பதுக்குத்தான் போனைப் பார்ப்பார். இன்னொரு வீட்டில் அம்மா குவைத்தில் வேலை, செய்தி அவருக்கு உடனே போகிறது, பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகும் அம்மம்மாவிடம் பட்டன் போன். குவைத்திலிருந்து அழைப்பு எடுத்து "நாளைக்கு வெள்ளைச் சப்பாத்து" என்று சொன்னால்தான் அம்மம்மாவுக்குத் தெரியும். ரீலோட் முடிந்த வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொரோனா காலத்தில் பாடங்கள் வட்ஸ்அப்புக்குப் போனபோது யார் யார் விடுபட்டார்களோ, இன்றைக்கும் அறிவித்தலில் விடுபடுவது பெரும்பாலும் அதே வீடுகள்தான்.

இதனால்தான் பழைய குறிப்புக் கொப்பி இன்னும் சாகவில்லை, சாகவும் கூடாது. சின்ன வகுப்புப் பிள்ளையின் பையை எப்படியும் ஒரு பெரியவர்தான் திறக்கிறார், சாப்பாட்டுப் பெட்டியை எடுப்பதற்காகவாவது. அந்தப் பெரியவர் யாரோ, அவரே அன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், அவருக்குத்தான் தகவல் வேண்டும். போன் இதைச் செய்யாது. கொப்பிக்கு ஒரே குறை, நாற்பது பிள்ளைகளின் கொப்பியிலும் டீச்சர் எழுத முடியாது. அச்சடித்த சின்னத் துண்டை ஒட்டிவிடலாம், தரம் 3க்கு மேலே பிள்ளைகளே கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

கணக்கில் வராத இன்னொரு ஆள் வான் டிரைவர். எந்தப் பாடசாலை எத்தனை மணிக்கு விடும், எங்கே வெள்ளம், எந்த வீதி மூடல் என்பதெல்லாம் இவருக்கு முதலில் தெரியும். பல வீடுகளில் உண்மையான அவசர அறிவித்தல் சேவை இவர்தான், சம்பளமில்லாமல். நேரத்தோடு பிள்ளைகளை விடும் நாளில் வான்காரர்களுக்கு நேரே தகவல் கொடுக்க ஒரு பட்டியல் வைத்திருக்கும் பாடசாலையில், வாசலில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகள் குறைவு.

## வராத செய்தி

"இண்டைக்கு என்ன படிச்ச?"

"ஒண்டும் இல்ல. விளையாடினோம்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கோபப்படாத பெற்றோர் குறைவு. ஆனால் பிள்ளை சொன்னது சரி. 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், கற்றலை மூன்று வகையாகப் பிரித்தது: வழிகாட்டலுடன் விளையாட்டு, செயற்பாடு, மேசையில் அமர்ந்து எழுதும் வேலை. தரம் 1, 2 முதலாம் கட்டம், அங்கே விளையாட்டுக்குத்தான் கூடிய இடம். தரம் 3, 4 இரண்டாம் கட்டம், தரம் 5 மூன்றாம் கட்டம், மேலே போகப்போக எழுத்து வேலை கூடும். பிள்ளை மூடிகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தால் அது கணிதம். வெயிலில் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அது சுற்றாடல்சார் செயற்பாடு. கொப்பி வெறுமையாகத்தான் இருக்கும்.

பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை. தகவல் இல்லாத இடத்தில் கொப்பியின் பக்கக் கணக்குதான் அளவுகோலாகிறது: பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்துப் பக்கம் எழுதியிருக்கிறது, எங்கள் பிள்ளை மூன்று. அடுத்தது ரியூஷன். ஏழு வயதில் தொடங்கி, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வரைக்கும் அது இழுத்துக்கொண்டு போகும். ரியூஷனுக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாத பயம் அதில் ஒரு நல்ல பங்கு என்றே நினைக்கிறேன். ரியூஷன் டீச்சர் ஒவ்வொரு கிழமையும் கொப்பியைக் காட்டுகிறார், பாடசாலை தவணைக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கையில் "நன்று" என்று எழுதி அனுப்புகிறது. பெற்றோர் யாரை நம்புவார்கள்?

இதற்கு நீண்ட கட்டுரை தேவையில்லை. வெள்ளிக்கிழமை மூன்று வரி போதும். இப்படி:

"இந்தக் கிழமை பொருட்களைப் பாரம் கூடியது, குறைந்தது என்று வரிசைப்படுத்தினோம். எழுதவில்லை, கையால் தூக்கிப் பார்த்தோம். வீட்டில் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கொடுத்து எது பாரம் என்று கேட்டுப் பாருங்கள்."

இதை வாசித்த அப்பா "என்ன படிச்ச?" என்று கேட்கமாட்டார், "இது பாரமா, அது பாரமா?" என்று கேட்பார். பிள்ளைக்கும் வாய் திறக்கும்.

## படங்கள், இலக்கங்கள், சட்டம்

விழா நாளில் குரூப்பில் நூறு படம் வரும். எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளைப் பற்றிய தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது, அதாவது நோய் விபரம் போன்றவற்றோடு ஒரே தட்டில். வீட்டுப் பாவனைக்கு ஒருவர் தன் பிள்ளையின் படத்தை வைத்திருப்பதை அந்தச் சட்டம் தொடாது. பாடசாலை சேகரிக்கும் பெயர், பிறந்த திகதி, புள்ளி, படம் வேறு விடயம். சட்டம் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, அதற்காகப் புள்ளிப் பட்டியலைப் படம் பிடித்துக் குரூப்பில் போடுவது இன்றைக்குச் சரியாகிவிடாது. அட்மிஷன் படிவத்தோடு படத்துக்கான சம்மதத்தையும் ஒரு வரியில் கேட்டுவிடலாம்.

காசு பற்றி: பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் எல்லோரும் அங்கத்தவர்கள், தலைவர் அதிபர், கணக்கு வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வர வேண்டும். அங்கே போகாமல் குரூப்பில் மட்டும் முணுமுணுப்பதால் எதுவும் நடக்காது. கூட்டத்திலும் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவைச் சொல்ல வேண்டும். வகுப்புக்குத் திரைச்சீலை வாங்கிய காசுக்கெல்லாம் இதைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை, பற்றுச்சீட்டு கேட்டாலே போதும்.

## ஒரு வகுப்பில் என்ன செய்யலாம்

பெரிய செயலி, புது இணையத்தளம் என்று தொடங்கினால் இரண்டாம் தவணையில் யாரும் திறக்கமாட்டார்கள். ஏற்கெனவே இருப்பதைப் பிரித்துப் போடுவதே போதும்.

1. அட்மின் மட்டும் எழுதும் ஒரு குரூப், அவசரத்துக்கும் திகதிக்கும் மட்டும். அதிபர் அல்லது பகுதித் தலைவர் உறுதிப்படுத்தாத எந்தக் கடிதமும் அதில் ஏறாது. தெரியாவிட்டால் "இன்னும் உறுதியில்லை, காலை 5.30க்குச் சொல்கிறேன்" என்று போடலாம். அந்த வரி இல்லாததால்தான் நாற்பது மெசேஜ்.

2. கேள்விகளுக்கு இரண்டு பெற்றோர், ஒருவர் சிங்களமும் வாசிக்கக்கூடியவர். டீச்சருக்கு இரவில் அழைப்பு எடுப்பது நிற்க வேண்டும். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம்.

3. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு ஆளுக்கொரு பக்கத்து வீட்டுப் பெற்றோர். மூன்று நான்கு வீடுதான் இருக்கும், பெயரைக் குரூப்பில் போடாமல் டீச்சர் தனியே ஏற்பாடு செய்வது நல்லது.

4. ஒரு பிள்ளையைப் பற்றிய எதுவும் தனி அழைப்பில் அல்லது நேரில். இதற்கு விதிவிலக்கே வேண்டாம், பாராட்டுக்கும்கூட. ஒரு பிள்ளையைப் பாராட்டினால் முப்பத்தொன்பது வீட்டில் கேள்வி எழும்.

5. வெள்ளிக்கிழமை மூன்று வரி.

ஜனவரியில் பெரும்பாலும் வகுப்பாசிரியர் மாறுவார், குரூப் புதிதாக வரும், பழையது அழியாமல் கிடக்கும். தரம் 3 பிள்ளையின் அம்மாவின் போனில் முன்பள்ளி குரூப்பும் இன்னும் உயிரோடு இருக்கும், அதில் யாரோ இன்றைக்கும் காலை வணக்கம் அனுப்புவார். எனவே புது வருடத்தின் முதல் கிழமையில், வேறு எதற்கும் முன்னால், கொப்பியின் உள் அட்டையில் ஒட்ட அரைப் பக்கக் கடதாசி ஒன்று போக வேண்டும். எந்தக் குரூப் உத்தியோகபூர்வமானது, யார் அட்மின், பாடசாலை அலுவலக இலக்கம் என்ன, டீச்சரை எந்த நாள் எத்தனை மணிக்குச் சந்திக்கலாம். கடைசியாக ஒரு வரி, தடித்த எழுத்தில்: பிள்ளையை அழைத்துப்போக வருபவர் மாறினால் பாடசாலை விடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே அலுவலகத்துக்கு அழைப்பு எடுங்கள், குரூப்பில் எழுத வேண்டாம், வகுப்பு நேரத்தில் டீச்சர் போனைப் பார்ப்பதில்லை.